குடிபெயரும் முன் மீன்தொட்டியைப் பற்றி ஒரு முடிவு

வாசகர் கேள்வி:

பதினான்கு ஆண்டுகளாக வெப்பமண்டல மீன்கள் வளர்த்து வருகிறேன். இப்போது 400 லிட்டர் தொட்டியில் ஆறு கிளௌன் லோச், ஐந்து டிஸ்கஸ், ஒரு கூட்டம் கார்டினல் டெட்ரா, சில கோரிடோராஸ், ஓரடி நீளத்துக்கு வளர்ந்துவிட்ட ஒரு சக்கர் மீன், மஞ்சள் ஆப்பிள் நத்தைகள் ஆகியவை இருக்கின்றன. மேசை மேல் தனியாக ஒரு பீட்டாவும் உண்டு. குடும்பத்தோடு வேறு நாட்டில் குடியேறுவது பற்றி யோசித்து வருகிறோம். எந்த நாடு என்பது முடிவாகவில்லை. ஆனால் போவதானால் ஓராண்டுக்குள் கிளம்ப வேண்டியிருக்கும். மீன்களை உடன் கொண்டுபோக முடியுமா? தொட்டியையும் கருவிகளையும் அனுப்பலாமா? அங்கே மீண்டும் எப்போது தொடங்கலாம்? லோச்சுகளில் மூத்தவை என்னிடம் பதினோரு ஆண்டுகளாக வளர்பவை. அவற்றை விட்டுப் போக மனம் வராமல், பயணத்தையே கைவிட்டுவிடலாமா என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. இது பைத்தியக்காரத்தனமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இது பைத்தியக்காரத்தனம் அல்ல. மீன்களுக்கு மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் இதே தயக்கத்தோடு வருபவர்களை நான் அவ்வப்போது சந்திக்கிறேன்; நாய் வளர்ப்பவர் இதைச் சொன்னால் அனுதாபம் காட்டும் உறவினர்கள், மீன் வளர்ப்பவர் சொன்னால் சிரித்துவிடுவதால் பலர் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். கிளௌன் லோச் நன்றாக வளர்க்கப்பட்டால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பதினோரு வயது லோச் என்பது பாதி ஆயுள் மிச்சமிருக்கும் ஓர் உயிர். அதைப் பற்றிக் கவலைப்படுவது பொறுப்புணர்ச்சியே.

ஆனால் அந்தக் கவலையில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. உங்களுக்கு நேரப்போகும் பிரிவு ஒன்று. மீன்களுக்கு நேரப்போகும் மாற்றம் இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் முடிவு எளிதாகும். மீன்களால் மனிதர்களை அடையாளம் காண முடியாது என்று நான் சொல்லமாட்டேன். நீரைப் பீய்ச்சிப் பூச்சிகளை வீழ்த்தும் ஆர்ச்சர் மீன்களைப் பழக்கினால் அவை மனித முகங்களை வேறுபடுத்தி அறிகின்றன என்பது 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது. உங்கள் லோச்சுகள் உங்கள் நடையைக் கண்டதும் கண்ணாடிப் பக்கம் ஓடிவருவதும் உண்மையான கற்றலே. எனினும் ஒரு மீனின் நாளைத் தீர்மானிப்பவை தண்ணீரின் தன்மை, உடன் வாழும் சொந்தக் கூட்டம், ஒளிந்துகொள்ளத் தக்க இடம், இரை வரும் நேரம் ஆகியவைதாம். இவை நான்கும் மாறாமல் ஆள் மட்டும் மாறினால், புதிய கையைப் பழகிக்கொள்ள லோச்சுகளுக்கு நீண்ட காலம் ஆவதில்லை. ஆள் மாறாமல் இவை நான்கும் மாறினால், அதுதான் அவற்றுக்குப் பெருந்துன்பம். மீன்களை உடன் கொண்டுபோவது என்பது இந்த இரண்டாவது வகை.

ஆகவே என் பரிந்துரை இதுதான்: மீன்களைக் கொண்டுபோகாதீர்கள். அதே நேரத்தில், கடைசி வாரத்தில் யார் கையிலாவது திணித்துவிட்டும் போகாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஓராண்டு, இதை ஒழுங்காகச் செய்து முடிக்கப் போதுமானது.

கொண்டுபோக வேண்டாம் என்பதற்குச் சட்டம் ஒரு காரணம். நாடுகள் இதில் இரண்டு வழிகளைப் பின்பற்றுகின்றன. சில நாடுகள், தடை செய்யப்பட்டவற்றைப் பட்டியலிட்டு மற்றவற்றை நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தலைகீழ்: அனுமதிக்கப்பட்ட இனங்களின் பட்டியல் ஒன்று இருக்கும், அதில் பெயர் இல்லாத மீன் உள்ளே வர முடியாது. பெயர் இருந்தாலும், அது அங்கீகரிக்கப்பட்ட தனிமைக் காப்பகத்தில் குறித்த நாட்களைக் கழித்துத்தான் வெளியே வரும். ஒரு வீட்டுத் தொட்டியின் மீன்களுக்காக இந்த ஏற்பாட்டைச் செய்வது நடைமுறையில் இயலாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மாறாக, உரிமையாளர் தன்னுடனேயே எடுத்துவரும் மிகச் சில வளர்ப்பு மீன்களுக்குத் தளர்வு தரும் நாடுகளும் உண்டு. அங்கும் இனம், எண்ணிக்கை, உடல்நலச் சான்று ஆகியவை கேட்கப்படலாம். அந்தச் சான்றுக்கு என்னைப் போன்ற தனியார் மருத்துவரின் கையெழுத்து மட்டும் பெரும்பாலும் போதாது, ஏற்றுமதி செய்யும் நாட்டின் அதிகாரபூர்வக் கால்நடைத் துறையின் ஒப்புதலும் வேண்டும். வழியில் விமானம் மாறும் நாடு தனியாக அனுமதி கேட்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனவாரியாகப் பார்த்தால் சிக்கல் இன்னும் கூடும். உங்களிடம் உள்ள மஞ்சள் ஆப்பிள் நத்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் ஏப்ரோ ஆற்றுக் கழிமுகத்து நெல்வயல்களில் இவ்வகை நத்தைகள் பெருகியதைத் தொடர்ந்து, 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த நத்தைகள் சேர்ந்த பொமேசியா பேரினம் முழுவதையும் தடை செய்தது. ஆகாயத்தாமரையும் கபோம்பா கரோலினியானா என்ற தொட்டிச் செடியும் அதே ஒன்றியத்தின் அயல் ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் இருக்கின்றன. ஒளிரும்படி மரபணு மாற்றப்பட்ட சீப்ரா மீன்கள் அமெரிக்காவில் கடையில் விற்கப்படுபவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அவற்றைக் கொண்டுவருவது குற்றம். விரால் குடும்பத்து மீன்களை அமெரிக்கா 2002-இல் தீங்கு விளைவிக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆசிய அரோவானா, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் இருப்பதால், அது உங்கள் சொந்த வளர்ப்பு என்பதோ வணிகம் இல்லை என்பதோ ஒரு வாதமாகாது; கடல்குதிரைகளுக்கும் பல பவளங்களுக்கும் இரண்டாம் இணைப்பின்படி அனுமதித் தாள்கள் வேண்டும். உங்கள் பட்டியலில் இவற்றுள் நத்தை மட்டுமே இருக்கிறது என்பது நல்ல செய்திதான். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் அறிவியல் பெயர் தெரிந்திருக்க வேண்டும். கடையில் சொன்ன பெயரை அதிகாரி ஏற்கமாட்டார், சக்கர் மீன் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவற்றில் பல இனங்கள் உள்ளன.

சட்டம் இடம் கொடுத்தாலும், மீனை அடைத்துக் கொண்டுபோகும் பையின் வேதியியல் இடம் கொடுப்பதில்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீன் பயணத்தில் உயிரோடு போய்ச் சேர்ந்து, போய்ச் சேர்ந்த பின் இறப்பதன் காரணம் பலருக்குப் புரிவதில்லை.

மூடிய பைக்குள் மீன் இரண்டு கழிவுகளை வெளியிடுகிறது: செவுள் வழியாகக் கார்பன் டை ஆக்சைடும் அம்மோனியாவும். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து அதை அமிலத்தன்மைக்குத் தள்ளுகிறது. அமில நீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி அவ்வளவாக நஞ்சற்ற அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும். அதாவது, பைக்குள் சேரும் ஒரு நஞ்சு இன்னொன்றின் கடுமையைக் குறைத்துவைக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். (நீரின் அமில-கார அளவு) 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.6 விழுக்காடுதான் செவுளைச் சுடும் வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பி.எச். ஓர் அலகு ஏறினால் கடுமை ஏறத்தாழ பத்து மடங்கு. முப்பது மணி நேரப் பயணத்துக்குப் பின் பையைத் திறக்கிறீர்கள். அடைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, சில நிமிடங்களில் பி.எச். ஏறுகிறது, அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா முழுவதும் விழித்துக்கொள்கிறது. அக்கறையுள்ள வளர்ப்பாளர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்? புத்தகத்தில் படித்தபடி, அந்தப் பைத் தண்ணீரிலேயே சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீரைக் கலந்து ஒரு மணி நேரம் பழக்கப்படுத்துகிறார். கடையிலிருந்து அரைமணி தூரம் வந்த மீனுக்கு அது சரி. நீண்ட பயணம் வந்த மீனுக்கு அது செவுளை எரிக்கும் குளியல். அத்தகைய மீனை, பையைத் திறக்காமல் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, முன்கூட்டியே ஏறத்தாழ அதே உப்புத்தன்மைக்கும் கடினத்தன்மைக்கும் தயார்செய்த தண்ணீருக்குக் கைவலையால் உடனே மாற்றிவிட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

இப்போது உங்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். இறங்கிய அன்று உங்களுக்கு அங்கே தயாரான தொட்டி எங்கிருந்து வரும்? அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா வளர்ந்த ஃபில்டர் எங்கே? நண்பர் ஒருவர் முன்பே தொட்டியை ஓடவிட்டு வைத்திருந்தாலன்றி, பையின் நஞ்சிலிருந்து எடுத்து, பழகாத தொட்டியின் நஞ்சுக்குள் விடுவதாகவே அது முடியும்.

உங்களிடம் இருக்கும் மீன்களும் பயணத்துக்கு ஏற்றவை அல்ல. டிஸ்கஸ் 28 முதல் 30 டிகிரியில் வாழப் பழகியது. சரக்கு வாயிலில் பெட்டி காத்துக் கிடக்கும் சில மணி நேரக் குளிர், அதற்கு வெள்ளைப் புள்ளி நோயிலிருந்து பாக்டீரியாத் தொற்று வரை வழி திறந்துவிடும். கோரிடோராஸ் அஞ்சினால் தன் முள்ளடிச் சுரப்பியிலிருந்து நஞ்சை வெளியிடும், சின்னப் பையில் அந்த நஞ்சு அதையே கொன்றுவிடுவதும் உண்டு. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் அதை முதலில் ஒரு வாளியில் கலவரப்படுத்தி, நஞ்சு கழிந்த பிறகு புதுத் தண்ணீரில் பையிடுகிறார்கள். சக்கர் மீனின் துடுப்பு முள்ளும் லோச்சின் கண்ணடி முள்ளும் இரட்டைப் பையையும் கிழிக்கும். அவற்றைப் பிடிக்க வலையைப் போட்டால் முள் வலையில் மாட்டிக்கொள்ளும். வாளியையோ கடினமான பெட்டியையோ தண்ணீருக்குள் இறக்கி அதற்குள் ஓட்டுவதே முறை. ஊருக்குள் இடம் மாற்றும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

இனி, மீன்களுக்கு வீடு தேடுவது. உங்கள் ஓராண்டில் பெரும்பங்கு இதற்கே போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்றிலிருந்து புதிய மீன் எதுவும் வாங்காதீர்கள், குஞ்சு எடுக்காதீர்கள். லோச்சுகளை ஒருபோதும் பிரிக்காதீர்கள். ஆறும் ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டும், அந்த இடத்தில் ஏற்கெனவே லோச்சுகள் இருந்தால் இன்னும் நல்லது. இந்த மீன் ஓரடி வரை வளரக்கூடியது என்பதால், பெறுபவரின் தொட்டி உங்களுடையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. டிஸ்கஸ்களை டிஸ்கஸ் வைத்திருப்பவரிடமே கொடுக்கத் தோன்றும், ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு வெவ்வேறு இடங்களில் நலமாக இருந்த டிஸ்கஸ்களை ஒரே தொட்டியில் கலந்த சில நாட்களில் இரு தரப்பும் கறுத்து, சளி கக்கி, மூலையில் ஒடுங்குவது நான் அடிக்கடி காணும் சிக்கல். ஒவ்வொரு கூட்டமும் தனக்குப் பழகிய கிருமிகளைச் சுமக்கிறது; மற்றதற்கு அவை புதியவை. தனித் தொட்டியில் குறைந்தது நான்கு வாரம் வைத்துப் பார்க்க ஒப்புக்கொள்ளாதவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவருக்கு டிஸ்கஸ் கொடுக்க வேண்டாம்.

பெறுபவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் மீனை எவ்வளவு விரும்புகிறார் என்று கேட்பதைவிட, அவருடைய தொட்டியை நேரில் போய்ப் பாருங்கள். ஃபில்டரைக் கடைசியாக எப்போது அலசினார் என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசுகிறாரா, தொட்டித் தண்ணீரிலா என்று கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும். உங்கள் சோதனைக் கருவியை எடுத்துப்போய் அவருடைய நைட்ரேட், பி.எச்., கடினத்தன்மை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தண்ணீருக்கும் அவருடையதுக்கும் வேறுபாடு பெரிதாக இருந்தால், ஒப்படைப்பதற்கு முந்தைய ஓரிரு மாதங்களில் உங்கள் வாராந்தரத் தண்ணீர் மாற்றத்தின் மூலமே மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்த்திவிடலாம். மீனோடு உங்கள் ஃபில்டர் பஞ்சில் பாதியை ஈரமாகவே கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு இனி அது தேவைப்படாது, அவருக்கோ கூடுதல் மீன்களின் கழிவைத் தாங்க அது உடனே உதவும். தொட்டி, தாங்கு மேசை, மீன்கள் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் ஒருவர் கிடைத்தால், விலையைப் பற்றி அதிகம் பேசாமல் கொடுத்துவிடுங்கள் என்பேன். அதைவிட நல்ல ஏற்பாடு மீன்களுக்கு இல்லை.

ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒப்படைப்புக்கும் உங்கள் பயணத்துக்கும் இடையே இரண்டு மாதமாவது இருக்கட்டும். புதிய இடத்தில் மீன் இரையெடுக்கவில்லை என்றாலோ, பெறுபவர் மனம் மாறினாலோ, நீங்கள் போய்ப் பார்க்கவும் திருப்பி எடுக்கவும் வேறு வீடு தேடவும் அவகாசம் வேண்டும். விமானம் ஏறும் வாரத்தில் ஒப்படைத்தவர்கள் பின்னர் கைபேசியில் புகைப்படம் பார்த்துத் தவிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடிவதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன்: லோச்சுகள் புதிய தொட்டியில் அமைதியாகி, பக்கவாட்டில் படுத்து உறங்கும் அவற்றின் வழக்கமான விளையாட்டுக்குத் திரும்பிவிட்டதை நீங்களே கண்ட பிறகும் புறப்பட மனம் வரவில்லை என்றால், தடையாக இருப்பது மீன்கள் அல்ல. அப்போது மீனைப் பேச்சில் கொண்டுவராமல் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும், அதற்கும் அந்த இரண்டு மாதம் உதவும்.

கடினமான விருந்தாளி உங்கள் சக்கர் மீன். எல்லாக் கடைகளிலும் எல்லாத் தொட்டிகளிலும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, யாருக்கும் இன்னொன்று வேண்டாம். அலைந்து சலித்த பிறகு, பக்கத்துக் குளத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமே என்ற எண்ணம் எழும். பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் சிக்கலே. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் வயிற்றில் காற்றை விழுங்கிச் சுவாசிக்கக் கூடியது என்பதால் சாக்கடை போன்ற நீரிலும் சாவதில்லை. எலும்புத் தகடு போர்த்த உடலை எந்தக் கொக்கும் எளிதில் விழுங்காது. முட்டையிடக் கரையில் வளை தோண்டும், கரை சரியும். மீனவர் வலையில் நல்ல மீனுக்குப் பதிலாக ஏறி வலையையும் கிழிக்கும். இந்தியா, வங்கதேசம், பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, புளோரிடா என்று வெப்ப நீர் உள்ள பல இடங்களில் இது தொட்டியிலிருந்து போய்க் குடியேறிவிட்டது. அட்லாண்டிக் கடலில் 1985-இல் புளோரிடா அருகே முதலில் பதிவான சிங்கமீன் பின்னர் கரீபியன் முழுவதும் பரவியதற்கும் தொட்டிகளிலிருந்து வெளியேறியவையே காரணமாகக் கருதப்படுகின்றன. எனவே குளம், ஆறு, ஏரி, கோயில் தெப்பம் எதிலும் விடக் கூடாது. பெரிய தொட்டி வைத்திருப்பவர், மீன் வளர்ப்போர் சங்கம், பள்ளி அல்லது கல்லூரியின் காட்சித் தொட்டி ஆகிய இடங்களில் இப்போதே சொல்லி வையுங்கள். ஓராண்டு தேடியும் எவரும் கிடைக்கவில்லை என்றால், மருத்துவரிடம் மயக்க மருந்தின் மிகை அளவில் வலியின்றி முடித்துவைப்பது, திறந்த நீரில் விடுவதைவிட நேர்மையானது. இதை எழுதுவது எனக்கும் மகிழ்ச்சியானதல்ல. உறைபெட்டியில் வைப்பதும், கழிவறையில் கொட்டுவதும் அதற்கு மாற்று ஆகா.

நத்தைகளுக்கு வேறு வழி. தண்ணீருக்கு மேலே கண்ணாடியில் அவை ஒட்டும் இளஞ்சிவப்பு முட்டைக் குலைகளை அவ்வப்போது வழித்தெடுத்து உறையவைத்து அழித்துவிட்டால் எண்ணிக்கை கூடாது. இருப்பவற்றை மூடிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம். செடிகளை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள், வடிகாலில் வேண்டாம். கார்டினல் டெட்ராவுக்கும் கோரிடோராஸுக்கும் இடம் எளிதில் கிடைக்கும். கூட்டமாகக் கொடுங்கள், அது போதும். பீட்டாவின் ஆயுளே பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டு. வயதானதாக இருந்தால் கடைசிவரை உங்களிடமே இருக்கட்டும், அதுதான் எளிதில் கைமாறும் மீனும்கூட.

தொட்டியைக் கப்பலில் அனுப்ப வேண்டாம். கண்ணாடியின் எடைக்கும், பொதியும் செலவுக்கும், வழியில் சிலிக்கோன் ஒட்டு விட்டுப்போகும் அபாயத்துக்கும் எந்தக் கணக்கும் ஒத்துவராது. மணல், வேர்க்கட்டை, கல் ஆகியவற்றில் மண்ணோ உயிர்ப்பொருளோ ஒட்டியிருந்தால் உயிரியல் பாதுகாப்பில் கண்டிப்பான நாடுகளில் அவை பறிமுதலாகும், அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதமும் வரும்.

கருவிகளைப் பொறுத்தவரை மின்சாரத்தைக் கவனியுங்கள். சில நாடுகளில் 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிலவற்றில் 110 முதல் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். செருகியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்று நினைப்பது ஆபத்து. ஹீட்டரின் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டுக்கான 200 வாட் ஹீட்டரை 115 வோல்ட்டில் செருகினால் அது 50 வாட்தான் தரும். குளிர்கால இரவில் விளக்கு எரியும், தண்ணீர் சூடாகாது. மறுபக்கம், 115 வோல்ட் ஹீட்டரை 230-இல் செருகினால் நான்கு மடங்கு ஆற்றலில் சுட்டு உடைந்துவிடும். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் மோட்டார் ஹெர்ட்ஸைச் சார்ந்தே சுழல்வதால் மின்மாற்றி வைத்தாலும் வேகம் மாறும். 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்ட அடாப்டருடன் வரும் எல்.இ.டி. விளக்கு, பேட்டரி ஏர் பம்ப் போன்றவற்றைக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போகலாம். ஃபில்டர் பஞ்சின் பாக்டீரியா வழியில் காய்ந்து இறந்துவிடும் என்பதால் அதைச் சுமப்பதில் பயனில்லை. உங்கள் தண்ணீர்க் குறிப்பேட்டை மட்டும் மறக்காதீர்கள்.

அங்கே மீண்டும் எப்போது தொடங்கலாம் என்ற கேள்விக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் படித்த பிறகு என்பதே என் பதில். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மீன்தொட்டியை அனுமதிக்காத ஒப்பந்தங்கள் உண்டு. தண்ணீர் மட்டுமே லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடியும் மணலும் மேசையும் சேர்ந்தால் உங்கள் 400 லிட்டர் தொட்டி அரை டன்னைத் தாண்டும். மாடிவீட்டில் அதை எந்தச் சுவரோரம், தளத்தின் எந்த வாக்கில் வைக்கிறீர்கள் என்பது வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது, குழாய்த் தண்ணீர். லண்டனின் தண்ணீர் சுண்ணப்பாறை ஊறிய கடின நீர். அதே நாட்டில் கிளாஸ்கோவுக்கு லாக் கத்ரின் ஏரியிலிருந்து வருவது மிக மென்மையானது. ஒரே நாட்டுக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, எந்த நாட்டில் எந்த மீன் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கடின நீர் கிடைத்தால் அதை வடிகட்டி மாற்றி டிஸ்கஸ் வளர்க்கப் போராடுவதைவிட, மொல்லி, பிளாட்டி, மலாவி ஏரியின் சிக்லிட் என்று அந்த நீரை விரும்பும் மீன்களை வளர்ப்பதே எனக்கு அறிவுடைமையாகப் படுகிறது. கிருமிநீக்கத்துக்குக் குளோரினுக்குப் பதிலாக, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோராமின் கலக்கும் ஊர்கள் பல. ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும், குளோராமின் போகாது. அதை நீக்கும் மருந்தில்லாமல் தண்ணீர் மாற்றும் உங்கள் பழைய பழக்கம் அங்கே ஒரே நாளில் தொட்டியை அழித்துவிடலாம்.

குளிர்நாடாக இருந்தால், அறை 18 டிகிரியாகவும் தொட்டி 28 டிகிரியாகவும் இருக்கும் மாதங்களின் மின்கட்டணத்தையும், மூடிய வீட்டில் ஆவியாகும் நீர் ஜன்னலிலும் சுவரிலும் படிந்து பூஞ்சை பிடிப்பதையும் கணக்கில் எடுங்கள். இறுக்கமான மூடியும், 24 டிகிரியில் நலமாக வாழும் இனங்களும் இரண்டு சிக்கலையும் பாதியாக்கும்.

முதல் தொட்டியை நூறு, நூற்றைம்பது லிட்டர் அளவில் வையுங்கள். மீன் விடாமல், அம்மோனியா சேர்த்து, பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். தனிமையைப் போக்க முதல் வாரத்திலேயே ஒரு மீனை வாங்கிவந்து காலியான தொட்டியில் விடுவது, புதிதாகக் குடியேறிய அனுபவசாலிகளே செய்யும் தவறு.

நாடும் ஊரும் முடிவானதும் மீண்டும் எழுதுங்கள். அந்த ஊரின் குடிநீர் வழங்கும் அமைப்பு வெளியிடும் தண்ணீர்த் தர அறிக்கையில் கடினத்தன்மை, காரத்தன்மை, பி.எச்., கிருமிநீக்கத்துக்குக் குளோரினா குளோராமினா என்ற நான்கு விவரங்களையும் குறித்து அனுப்பினால், அங்கே எதை வளர்க்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும். அதற்கு முன்பு, சக்கர் மீனுக்கு வீடு தேடத் தொடங்கிவிடுங்கள். அதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும்.